கனகம் சொன்ன வீடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பிள்ளைப்பாக்கம் ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஏரி இன்னும் மிச்சமிருக்கிற திசையாகப் பார்த்துத் திரும்பி நின்று சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. குறைக்க எனக்கு மனசு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் தசரதன். என் வீட்டுக்காரி கனகத்துக்கு மலக்குடலில் கட்டி, புற்றுநோய்தான் என்று சொல்லி, வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளே போட்ட தையல் ஆறும்வரை சிறுகுடலில் ஒரு வளைவை வயிற்றின் வலது பக்கமாக வெளியே கொண்டுவந்து, அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து உள்ளே தள்ளி மூடிவிடுவார்களாம். அதுவரை எல்லாம் பையில்தான்.

போன வாரம் கனகம் முதல் தடவையாகக் குனிந்து அந்தப் பையைப் பார்த்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். என்ன சொன்னாள் என்று பல பேர் கேட்டீர்கள்.

"சட்டைக்கு பாக்கெட் வச்ச மாதிரி கீது" என்றாள்.

இந்த வாரம் அவளை வீட்டுக்கு அனுப்புகிற நாள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரி. ஒரே குறை, வார்டின் நடுவில் இருந்த மின்விசிறி. அது சுற்றிய வேகத்தில் ஒரு புறா விசிறி இறக்கை மேல் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டிலையும் நின்று நிதானித்து விசாரித்துக்கொண்டு போகும். பெரிய டாக்டரை விட அதுதான் அடிக்கடி ரவுண்ட்ஸ் வந்தது.

அங்கே மெர்சி என்று ஒரு சிஸ்டர். வடக்குப்பட்டுப் பெண். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவது அவர் வேலை. எல்லாருக்கும் ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. கட்டிலோரம் உட்கார்ந்து கேட்பார். வீட்டில் படி இருக்கிறதா, கழிப்பறை எங்கே, தண்ணீர் எப்போது வரும், யார் சமைக்கிறார்கள், பகலில் கூட யார் இருப்பார்கள். சொல்லுகிற பதிலை வைத்து, அந்த ஆளுக்கு, அந்த வீட்டுக்கு என்று தனியாக எழுதிக் கொடுப்பார்.

அருமையான ஏற்பாடு. எங்கள் பக்கத்து ஜனங்களிடம் மட்டும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. வெளியாள் ஒருவர் வந்து வீட்டைப் பற்றி விசாரித்தால், நாங்கள் அதைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

முதலில் மாட்டியது எதிர்க்கட்டில் கிளியம்மாள். தண்டலம் பக்கம். அதே ஆபரேஷன், அதே பை. கனகத்துக்கு முன்னாலேயே செய்துகொண்டு முன்னாலேயே கிளம்பியவள். மெர்சி கேட்டதும் கிளியம்மாள் தலையணையில் சாய்ந்துகொண்டு, "எங்க வூட்ல ஏசி கீது சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். அவள் சொன்ன குளிருக்கு இந்தக் கட்டிலில் கனகம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கிளியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய ஏசி மட்டும் அந்தக் கட்டிலிலேயே படுத்திருந்தது. அதனால்தான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மெர்சி கனகத்திடம் வந்து உட்கார்ந்தபோது விஷயம் கைமீறிப் போனது.

"பாத்ரூம் வீட்டுக்குள்ளயா, வெளியிலயாம்மா?"

"உள்ளதான் சிஸ்டர். ரூமோட ஒட்டினாப்ல. குந்தற கக்கூஸ் இல்ல, சேர் மாதிரி உக்கார்றது. சொவத்துல பாதிக்கு டைல்ஸு."

"மாடிப்படி?"

"படியே கெடையாது. கதவத் தொறந்தா ரோடு."

"ரூம் சூடா இருக்குமா?"

"ஏசி" என்றாள் கனகம், எதிர்க்கட்டிலைப் பார்த்துக்கொண்டு.

"கூட யாரு இருப்பாங்க?"

"மருமவ. வேலைக்கே அனுப்பறதில்ல. ராணியாட்டம் வச்சிக்கினு கீறோம்."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நானா? சும்மா குந்திக்கினு டீவி பாப்பேன்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்த வீட்டில் குடியேறலாமா என்று ஆசை வந்தது.

இதில் வேடிக்கை, அவள் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு ரூம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழ்த்தளத்தில், டைல்ஸும் ஏசியுமாக. கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. பையன்கள் அதில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர்களாகிய நாங்கள் மொட்டைமாடியில் ஷீட் போட்ட கொட்டகையில் இருக்கிறோம். ஏற இரும்புப் படி. கழிப்பறை கீழே பின்பக்கம், குந்துகிற வகை. கோடையில் எங்கள் ஷீட்டில் வந்து உட்கார்ந்த காக்கை ஒன்று காலை மாற்றி மாற்றி வைத்ததைக் கீழ் ரூம் பையன் நடனம் என்று நினைத்து வீடியோ எடுத்தான். பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். நல்ல ரூமைக் கட்டி வெளியூர்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மேலே போய் வேகிறோம்.

மருமகள் சசிகலா போன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாள். கனகம் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இட்லி விற்கிறாள். டீவி பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வார்டில் எல்லாருக்கும் ஒரே நிறத்துப் போர்வை, ஒரே தட்டு, வயிற்றில் ஒரே பை. தான் யார் என்று காட்டுவதற்கு மிச்சம் இருந்தது வீடு ஒன்றுதான்.

கிளம்புகிற அன்றைக்குக் காலை சசிகலா நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். யூனிபார்ம் மாற்றவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தது. மாற்றுப்புடவை இருந்த பையைக் கட்டில் மேல் வைத்து, "கிளம்பலாமா அத்தை?" என்றாள்.

அதற்குள் மெர்சி தாளோடு வந்துவிட்டார்.

"இவங்க யாரும்மா?"

"மருமவ."

மெர்சி சசிகலாவின் கழுத்தைப் பார்த்தார். கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. "வேலைக்குப் போறதில்லன்னு சொன்னீங்களே?"

கனகம் மேலே புறாவைப் பார்த்தாள். சசிகலா மாமியாரைப் பார்த்தாள். என் மருமகள் புத்திசாலி; ஆனால் இரவெல்லாம் நின்று வேலை செய்தவள்.

"இது சும்மா சிஸ்டர். கழுத்துக்கு நல்லாருக்குன்னு."

"உங்க போட்டோவே போட்டிருக்கு."

"அதனாலதான் நல்லாருக்கு."

மெர்சி சிரித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். ஏசி ரூம் என்பதால் வியர்வை குறைவு, பை நன்றாக ஒட்டிக்கொள்ளும். மாற்றுப் பைகளை ரூம் அலமாரியிலேயே வைக்கலாம். கழிப்பறை பக்கத்திலேயே இருப்பதால், பை பாதி நிறைவதற்கு முன்னால் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வரலாம். மருமகள் பகல் முழுக்கக் கூட இருப்பதால், பை மாற்றுவது அவர் பொறுப்பு. வேறு வேலை இல்லாததால் ஓய்வுக்குக் குறைவில்லை.

சசிகலா மாமியாரின் காதருகே குனிந்தாள். "அத்தை, இது யாரு வூடு?"

"வாய மூடிக்கினு வாங்கிக்கோ."

"இதுல சொல்றாப்ல எதுவுமே நம்மகிட்ட இல்லயே. மேல ஷீட்டுல அனல் அடிக்குது. இந்தப் பை ஒட்டுமா அங்க? ராத்திரில நான் ஷிப்டுக்குப் போயிட்டா இரும்புப் படில நீங்க எப்படி எறங்குவீங்க?"

"வூட்டு மானத்த இங்க வந்து விக்கணுமா? போய் பாத்துக்கலாம்."

சசிகலா என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

நான் உண்மையைச் சொன்னால் யாரும் நம்பியதாகச் சரித்திரம் இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன். தாள் சசிகலாவின் கைக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கனகம், இல்லாத ஒரு வீட்டுக்கான வைத்தியத்தோடு இருக்கிற வீட்டுக்குப் போயிருப்பாள்.

அப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் கிளியம்மாளைக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண் குழிந்து, உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, போனபோது இருந்த ஆளில் பாதிதான் திரும்பி வந்திருந்தாள். பழைய கட்டிலிலேயே போட்டு, அவசரமாக டிரிப் ஏற்றினார்கள். விசிறியோடு சுற்றிக்கொண்டிருந்த புறாகூட நின்றுவிட்டது.

"தண்ணி குடிக்கலயா இவங்க?" என்றார் மெர்சி. "பை வழியா தண்ணியாத்தான் போவும், அதுக்கு ஈடா உப்புக் கரைசல் குடிச்சிகிட்டே இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி அம்சவல்லி கையைப் பிசைந்தாள். "குடிச்சா பை ரொம்புது சிஸ்டர். ரொம்பினா கக்கூசுக்குப் போவணும். நாங்க கீறது வரிசை வூடு. மொத்தத்துக்கும் ஒரே கக்கூசு. பக்கெட்ட தூக்கிக்கினு இது வரிசைல நின்னா, ஆளாளுக்கு மூக்கப் பொத்தறாளுங்க. அதான் தண்ணியவே நிறுத்திக்கிச்சு."

"வரிசை வீடா? ரூம்லயே பாத்ரூம், ஏசின்னு சொன்னாங்களே?"

"ஏசியா? ஓடற ஃபேனே எங்க வூட்டுது. ராத்திரில இதுக்கு, பகல்ல எனக்கு."

மெர்சி டிரிப் இறங்குகிற வேகத்தைச் சரிபார்த்தார். பிறகு, யாருக்கும் என்றில்லாமல் சொன்னார். "நான் இவங்களுக்கு எழுதல. இவங்க சொன்ன வீட்டுக்கு எழுதியிருக்கேன்."

டிரிப் பாதி இறங்கியதும் கிளியம்மாள் கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது கனகத்தை.

"இன்னாடி, இன்னும் அரமணைக்குக் கெளம்பலியா?"

"நீ இன்னாக்கா இப்டி வந்து கெடக்கற? உன் ஏசி இன்னா ஆச்சு?"

"கரண்டு இல்ல" என்றாள் கிளியம்மாள். அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவள் கண்ணோரத்தில் நீர் வரப் பார்த்தது. வருவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை.

அதைக் கனகம் பார்த்தாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து கனகம் வாயிலிருந்து "தப்பு" என்கிற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் வரவில்லை. சசிகலா கையிலிருந்த தாளை வாங்கி, மெர்சியிடம் நீட்டினாள்.

"சிஸ்டர், இது வேணாம். இந்த வூடு எங்களுதுதான். ஆனா நாங்க அதுல இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். ஷீட், இரும்புப் படி, பின்பக்கத்துக் கழிப்பறை, கீழ் ரூம் பையன்கள். அடையாள அட்டை நகை இல்லை என்பதையும் சொன்னாள். சசிகலா நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். அழுகிறாளா, தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை.

மெர்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் கனகத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் புதுத் தாள் எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க. பகல்ல மருமக தூங்குவாங்க, இல்ல? எந்த நேரத்துல முழிச்சிருப்பாங்க?"

"சாயங்காலம். ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி."

"அப்ப பை மாத்தறத அவங்க போறதுக்கு முன்னாடி வச்சிக்கலாம். நீங்களும் கத்துக்கணும், அவங்க இல்லாதப்ப அவுந்துக்கிச்சுன்னா? மாத்துப் பைய ஷீட்டுக்கு கீழ வைக்காதீங்க, பசை போயிடும். பானை இருக்கா?"

"தண்ணிப் பானை கீது."

"அது பக்கத்துல, நிழல்ல, ஈரம் படாம வைங்க. அனல்ல வேர்த்துக் கொட்டும், அதனால உப்புக் கரைசல மத்தவங்கள விட நீங்க அதிகமா குடிக்கணும். ஒண்ணுக்கு மஞ்சளா, கொஞ்சமாப் போனா, தல சுத்துனா, உடனே எனக்கு போன். கக்கூசுக்குப் போவணுமேன்னு குடிக்காம இருக்கக் கூடாது."

"தோ, பாத்துக்கினுதான கீறேன்" என்றாள் கனகம், எதிர்க்கட்டிலைக் காட்டி.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

கனகம் போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. டீவி பார்க்கிறவளாக இருந்தவரை அந்தக் கேள்வியை அவளால் கேட்டிருக்கவே முடியாது.

"நான் இட்லி சுட்டு விக்கறவ சிஸ்டர். பஸ் ஸ்டாப்புல. திரும்ப விக்கலாமா? வவுத்துல இத வச்சிக்கினு, சோத்துல கைய வைக்கலாமா?"

கிளியம்மாள் இந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"கைய சோப்பு போட்டு நல்லா கழுவிட்டா, உங்க கையும் என் கையும் ஒண்ணுதான்" என்றார் மெர்சி. "ஆனா இட்லிக் குண்டான், மாவுச் சட்டி எதையும் தூக்கக் கூடாது. வயித்துல குடல் பிதுங்கிடும். தையல் ஆறணும், வெட்டி எடுத்ததோட ரிசல்ட் வரணும், டாக்டர் பாத்து சரின்னு சொல்லணும். அப்புறம் யாராச்சும் தூக்கிக் கொடுத்தா, உக்காந்து விக்கலாம்."

"விக்கறது சரி. ஜனங்க வாங்குவாங்களா?"

மெர்சி பேனாவை மூடினார். "அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத எழுத மாட்டேன்."

கனகம் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தத் தாளிலேயே அவள் முழுசாக நம்பியது, அதில் எழுதாமல் விட்டதைத்தான் என்று நினைக்கிறேன்.

"நான் வாங்குவேன்" என்றாள் கிளியம்மாள். "சட்னி கெட்டியா இருந்தா."

"நீ மொதல்ல தண்ணி குடி."

மெர்சி எழுந்து எதிர்க்கட்டிலுக்குப் போய்க் குனிந்தார். கிளியம்மாள் அவர் காதில் என்னவோ சொன்னாள். வெகு நேரம் சொன்னாள். அதில் ஏசி இல்லை என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

திரும்பி வந்த மெர்சி, "ஒண்ணு மட்டும் பாக்கி. இரும்புப் படி ஏறி இறங்கறது இப்போதைக்கு எனக்குச் சரியாப் படல. கீழ் ரூம்ல தங்க முடியுமா? அத வச்சுத்தான் மீதிய எழுதணும்" என்றார்.

சசிகலா துப்பட்டாவை விலக்கினாள். தூங்கவில்லை. போனை எடுத்துப் புருஷன் ஜீவானந்தத்தைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். என் மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவன் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் இரும்பு தட்டுகிற சத்தம் இருக்கும். தாலி கட்டும்போதுகூட இருந்தது.

"கீழ் ரூம் பசங்கள மேல மாத்தணும்ங்க. அத்தைக்கு."

"இன்னாது? சசி, அதுல ஒருத்தன் எங்க லைன் இன்ஜினியர் தம்பி. நான்தான் கூட்டியாந்து வச்சேன். அடுத்த மாசம் எனக்கு புரமோஷன் பேச்சு ஓடுது. இப்ப போய் ஷீட்டுல படுடான்னு சொல்லச் சொல்றியா?"

"சின்னப் பசங்க, ஷீட்டுல படுக்க மாட்டாங்களா? உங்கம்மா படுக்கலாமா?"

இரும்புச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் ஒரு நீளமான மணி.

"லைன் ஸ்டார்ட் ஆவுது. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான்.

சசிகலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். கனகம் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து மெதுவாகக் காலைக் கீழே வைத்தாள்.

"எழுதிக்கோ சிஸ்டர். கீழ் ரூம்."

"உங்க பையன் இன்னும் சரின்னு சொல்லலயேம்மா."

"அவன் லைன் நிக்கட்டும், அப்புறம் சொல்லட்டும். கதவ நான் தட்டறேன்."

"தட்டி?" என்றாள் சசிகலா. "அவங்க முடியாதுன்னுட்டா?"

"உள்ளத உள்ளபடி சொல்லிப் பாக்கறேன். இப்பதான பழகிக்கினு வரேன்."

மெர்சி எழுதினார். சசிகலா வண்டியைக் கூப்பிட்டாள். மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று பார்த்தால் தெரியவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் கீழ் ரூம் பையன்கள் இரண்டு பேரும் நைட் ஷிப்ட் முடித்து, கதவை உள்ளே தாழ் போட்டு, ஏசியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு தகவல். அது பெண்கள் வார்டு. கட்டின புருஷனே ஆனாலும் ஆண்களை அதற்குள் விடுவதில்லை.